செக்கடித் தெருவில் யானை தண்ணீர் குடித்த இடம்

சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து நீட்டுகிறவரைக் கண்டால் செக்கடித் தெருக் கடைக்காரருக்கு அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். கூடக் கேட்டிருக்கலாமே என்று விடியவிடியப் புரளுவார். சங்கரன்கோவிலின் மற்றத் தெருக்களில் எப்படியோ, இந்தத் தெருவில் ஒரு பிளாஸ்டிக் குடம் கைமாற வேண்டுமென்றால்கூட வாங்க வந்தவர் இரண்டு தடவை கடையை விட்டு இறங்க வேண்டும். விற்கிறவர் இரண்டு தடவை திரும்பக் கூப்பிட வேண்டும். நடுவில் இரு தரப்புப் பிள்ளைகுட்டிகளின் தலைமீதும் சத்தியம் நடக்க வேண்டும். விலை கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்பது இருவருக்கும் முதலிலேயே தெரியும். தெரிந்தால் என்ன? தாலி கட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும் மேளம் வைப்பதில்லையா?

இந்தத் தெருவின் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் ஆவுடையப்பன். அல்வாக் கடைக்காரர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவர் கடை வாசலில், தெருவோரமாகக் கிடக்கிற வெறும் இடத்தில், கூட்டம் வாழையிலைத் துண்டோடு நின்றுகொண்டே சுடச்சுட அல்வாவை விழுங்கும். அந்த இடம் நகராட்சிக்குச் சொந்தம். அதில் நிற்கிற கூட்டம் ஆவுடையப்பனுக்குச் சொந்தம். உள்ளே உட்கார்ந்து தின்ன நாற்காலி கிடையாது. அதனால் வாசல் போனால் கடை போச்சு.

விவகாரம் ஆரம்பித்தது சங்கக் கூட்டத்தில். எதிர்ச்சாரியில் வளையல் கடை வைத்திருக்கிற ஜுலைகா பீவிதான் எழுந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எனக்கு நடந்ததைக் கேளுங்க. இளையரசனேந்தல்லேருந்து ஒரு கல்யாண கோஷ்டி. எல்லாம் பொம்பளைய. கண்ணாடி வளையல், கவரிங்கு, ஜடைமாட்டி எல்லாம் எடுத்துப் போட்டாச்சி. நான் சொன்னதுக்கு அவுக பாதிக்குக் கேட்டாவ. நானும் அழுதாப்புல மூஞ்சிய வச்சுக்கிட்டு எறங்கி வாரேன், அவுகளும் ஏறி வாராவ. இன்னும் ஒரே ஒரு சுத்துல படிஞ்சிரும். அந்த நேரம் பாத்து மணப்பொண்ணோட சித்திக்கு அவசரம் வந்துட்டு."

"என்ன அவசரம்?" என்றார் பிளாஸ்டிக் சாமான் கடை மாரிசெல்வம்.

"உமக்கு வந்தா எந்தச் சொவருல திரும்பி நிப்பீரோ, அந்த அவசரம்."

கூட்டம் சிரித்தது. மாரிசெல்வத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கடையின் பக்கச் சுவர்தான் தெரு ஆண்களுக்கு அந்த வகையில் ரொம்பப் பிடித்தமானது. பிள்ளையார், மாதா, பிறை நட்சத்திரம் என்று மூன்று டைல்ஸ் வாங்கி வரிசையாகப் பதித்துப் பார்த்தார். வந்தவர்கள் மூன்று மதத்துக்கும் மரியாதை கொடுத்து, நாலடி தள்ளி நின்றார்கள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வந்திருதோம்னு போன கோஷ்டிதான்," என்றார் ஜுலைகா பீவி. "அங்கனயே எவன் கடையிலயோ வளையலையும் வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டாவ. பேரம் பாதியில அத்துப் போறதுன்னா என்னன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம தெருவுக்கு ஒரு கக்கூஸ் வேணும், அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. என் கடைக்குப் பக்கத்துல காலி இடம் கெடக்குல்லா, அங்கன வச்சாலும் எனக்குச் சம்மதம்."

ஆவுடையப்பனின் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே செண்பகவல்லி தலையை நிமிர்த்தினாள். கூட்டம் அவர் கடைக்குள்தான் நடந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி ஆவுடையப்பனின் மனைவி. காலையில் கடைக்கு வந்தால் ராத்திரி வீட்டுக்குப் போகிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கேட்டால் தாகமில்லை என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இவளுக்குத் தாகமே எடுத்ததில்லை போலிருக்கிறது என்று ஆவுடையப்பன் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

அல்வாக் கடையில் சொந்தமாக ஒரு கழிப்பறை கட்ட இடமில்லையா என்று கேட்டால், இடம் இருந்தது. இடத்தில் அடுப்பு இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு காலத்தில் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே பொதுச் சந்து ஒன்று ஓடியது. ஆவுடையப்பனின் அப்பா அதில் முதலில் விறகு அடுக்கினார். விறகு நனையக் கூடாதே என்று மேலே தகரம் போட்டார். தகரம் பறக்கக் கூடாதே என்று சுவர் வைத்தார். சுவர் இருக்கிறதே என்று உள்ளே அடுப்பு மூட்டினார். இப்போது அதற்கு அடுப்பு ஷெட் என்று பெயர். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் பேச மாட்டார்கள். அடுத்தவர் வியாபாரத்துக்குள் வாய் வைப்பதில்லை என்பது செக்கடித் தெருவின் ஒரே சட்டம். மற்றச் சட்டங்கள் எல்லாம் நகராட்சியுடையவை.

"சரி, மனு கொடுப்போம்," என்றார் ஆவுடையப்பன். "எத்தனைன்னு எழுத?"

கேள்வியே தேவையில்லை. ஒன்று வேண்டுமென்றால் நாலு கேட்க வேண்டும். அதிகாரி முடியாது என்பார். இவர்கள் மூன்று என்பார்கள். அவர் பணமில்லை என்பார். இவர்கள் வெளிநடப்புச் செய்வார்கள். அவர் திரும்பக் கூப்பிடுவார். டீ வரும். ஒன்றில் படியும்.

"நாலு," என்றது கூட்டம் ஒரே குரலில்.

மனு எழுதியவர் நோட்டுப் புத்தகக் கடை தேவசுந்தரம். அவர் குடும்பத்தில் பாதிப்பேர் வாத்தியார்கள். இவர் மட்டும் வியாபாரத்துக்கு வந்துவிட்ட வருத்தத்தை எல்லாம் மனுக்களில் தீர்த்துக்கொள்வார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் வரும் தாய்மார்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தெருவில் நடப்பதையும், கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வயதான பெண்கள் கடை கடையாக ஏறிக் கேட்டு வெட்கிப் போவதையும், கடைகளில் நாள் முழுக்க வேலை பார்க்கிற பெண்பிள்ளைகளின் வயிற்று வலியையும் அவர் எழுதியிருந்த விதத்தில், நகல் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசு மட்டும் குறைத்து வாங்கவில்லை.

நகராட்சி ஆணையர் பெனிட்டா ஊருக்குப் புதுசு. பாளையங்கோட்டைக்காரர். அப்பா சரித்திர வாத்தியார், அம்மா கணக்கு டீச்சர். விலைப் பட்டியல் ஒட்டியிருக்கிற கடையில் மட்டுமே சாமான் வாங்கி வளர்ந்த குடும்பம். மனுவை அவர் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். எதிரே ஆவுடையப்பன் நாற்காலியின் நுனியில், இரண்டாவது சுற்றில் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மாரிசெல்வமும் தேவசுந்தரமும் ஜுலைகா பீவியும் நின்றார்கள்.

"நாலா?" என்றார் ஆணையர்.

"நாலு மேடம். நாலுக்குக் கொறைஞ்சா ஜனங்க தாங்காது."

"சரி."

ஆவுடையப்பன் பாதி எழுந்துவிட்டார், வெளிநடப்புக்காக. பிறகுதான் காதில் விழுந்தது. "என்ன மேடம்?"

"நாலும் கட்டிடலாம். திட்டத்துல நிதி இருக்கு. ஆடித்தபசுக்கு முன்னாடி முடிக்கணும். வேற ஏதாவது இருக்கா?"

வேறு ஒன்றும் இல்லை. டீ கூட வரவில்லை. நால்வரும் மாடிப்படியில் இறங்கும்போது சாவு வீட்டில் துஷ்டி கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் போல இருந்தார்கள்.

"எட்டு கேட்டிருக்கலாம்வே," என்றார் மாரிசெல்வம்.

"கூட ஒரு குடிதண்ணி டேங்கும் கேட்டிருக்கலாம்," என்றார் தேவசுந்தரம்.

"அந்தப் பிள்ளை போன வாரம் எங்கிட்ட ஒரு டஜன் வளையல் வாங்குனா," என்றார் ஜுலைகா பீவி. "சொன்ன விலைய எண்ணி வச்சிட்டுப் போயிட்டா. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒடம்பு சொகமில்லையோன்னு."

இரண்டு நாள் கழித்து நகராட்சி ஆட்கள் வந்து தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஒன்று ஜுலைகா பீவி கடைக்குப் பக்கத்தில். சந்தோஷம். இன்னொன்று மாரிசெல்வத்தின் டைல்ஸ் சாமிகளுக்கு நேரே. இன்னொன்று தேவசுந்தரம் கடைக்கு முன்னால், பிள்ளைகள் பேனா எழுதிப் பார்க்கிற இடத்தில். நாலாவது கோடு, அல்வாக் கூட்டம் நிற்கிற இடத்தை நாலு மூலையும் சேர்த்து அழகாகக் கட்டம் கட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் கூட்டம் கட்டத்துக்குள் நின்று அல்வா தின்றது. ஒருவர் கேட்டார், "என்ன அண்ணாச்சி இது, புதுசா மேடை கட்டுதியளா?"

"ஆமா," என்றார் ஆவுடையப்பன், உயிரே இல்லாமல்.

மறுநாள் காலையில் அவர் ஆணையரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். "மேடம், நாலுன்னு சும்மா எழுதிட்டோம். ஒண்ணு போதும்."

"சும்மாவா?" பெனிட்டா மனுவை எடுத்து வைத்தார். "இதைப் படிச்சிட்டு நான் எங்கம்மாவுக்குப் போன் போட்டேன் அண்ணாச்சி. இதுல எந்த வரி பொய்?"

"பொய்யின்னு இல்ல மேடம். கொஞ்சம் கூட்டிச் சொல்லுறது உண்டு."

"எந்த வரியைக் கூட்டுனீங்க?"

ஆவுடையப்பன் மனுவைப் பார்த்தார். தேவசுந்தரம் கெட்டிக்காரர். ஒரு வரி விடாமல் அத்தனையும் உண்மையை எழுதித் தொலைத்திருந்தார். பொய்யாக இருந்தது அந்த நாலு மட்டும்தான்.

"இடத்தை மாத்தணும்னா காரணம் வேணும்," என்றார் பெனிட்டா. "அங்க பழைய சின்னம், கல்வெட்டு, அந்த மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. கை வைக்க மாட்டேன். ஊர் வரலாறுன்னு நகராட்சி சார்புல ஒரு புத்தகம் போடுறதா இருக்கோம், அதுக்கும் ஆகும். வெள்ளிக்கிழமை நேர்லயே வாரேன்."

ஆவுடையப்பன் படியிறங்கும்போது முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. சங்கரன்கோவிலில் வரலாற்றுக்கா பஞ்சம்? கோயில் இருக்கிறது, புற்று இருக்கிறது, பாம்பு இருக்கிறது, கட்டிய ராஜா இருக்கிறார், ஒற்றைக்காலில் தவம் நின்ற அம்மனே இருக்கிறாள். இவ்வளவு பெரிய சரக்கில் இன்னும் ஒரு படி அள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

அவர் வாசலில் ஒரு கல்தொட்டி கிடந்தது. அல்வா தின்றவர்கள் இலையைப் போடுவது அதில்தான். அவர் அப்பா கோதுமை ஊறவைப்பதற்காக மேலநீலிதநல்லூரில் யாரோ ஒருவர் மாட்டுத் தொழுவத்தைப் பிரித்தபோது பேரம் பேசி வாங்கி வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அடியில் கீறல் இருப்பது தெரிந்தது. வாழ்நாளில் அவர் ஏமாந்த ஒரே பேரம் என்பதால் வீட்டில் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கடை வாசலில் தூக்கிப் போட்டிருந்தார். ஆவுடையப்பன் அதை வியாழக்கிழமை ராத்திரி தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பிச்சிப்பூவும் சுற்றினார்.

"என்ன இது?" என்றாள் செண்பகவல்லி.

"யானை தண்ணி குடிச்ச தொட்டி."

"எந்த யானை?"

"ராஜா யானை. நீ பேசாம இரு."

"நான் என்னைக்குப் பேசுனேன்?" என்றாள் அவள். அது உண்மை.

வெள்ளிக்கிழமை பெனிட்டா வந்தபோது தெருவே வரலாறாக மாறியிருந்தது. ஆவுடையப்பன் செய்ததை ஒருவர் பார்த்து இன்னொருவருக்குச் சொல்லியிருந்தார். மாரிசெல்வம் தன் சுவரைக் காட்டி, மூன்று மதத்தாரும் ஒரே இடத்தில் தலை குனிந்து நிற்கிற இடம் இந்தியாவிலேயே வேறு கிடையாது என்றார். அதுவும் உண்மைதான். தேவசுந்தரம் தன் வாசலில் நின்ற வேப்பமரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கு அடியிலதான் மேடம், இந்தத் தெருவுக்கு வந்த முதல் வெள்ளைக்காரப் பாதிரியார் மணல்ல பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதிக் கொடுத்தாரு."

பெனிட்டா மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மரத்துக்கு இருபது வயசு இருக்குமா?"

"இது அந்த மரத்தோட பேரன், மேடம்."

கடைசியாக அல்வாக் கடை. ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம், நம்ம கோயில் கட்டுத காலத்துல கல்லு சுமந்துக்கிட்டு யானை வரும் பாத்துக்கிடுங்க. வெயில்ன்னா வெயிலு. யானைக்கு நாக்கு வறண்டு, இன்னும் ஒரு எட்டு வைக்க மாட்டேன்னு இந்த எடத்துல உக்காந்துட்டு. ராஜாவே வந்து கூப்பிடுதாரு, எந்திரிக்க மாட்டேங்கு. அப்பத்தான் எங்க முன்னோர் ஒருத்தர் இந்தத் தொட்டி நெறையத் தண்ணி ஊத்துனாரு. கூட ஒரு உருண்டை அல்வாவும்."

"அப்பவே அல்வாவா?"

"அதான் மேடம் வரலாறு."

பெனிட்டாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சரித்திர வாத்தியார் மகள் அல்லவா, குனிந்து தொட்டியைத் தடவிப் பார்த்தார். "ஆனா ஒரு சந்தேகம். இந்தத் தெரு முனை ரொம்பக் குறுகலா இருக்கே. யானை எப்படி உள்ள வந்துச்சு?"

வியாபாரி எந்தக் கேள்விக்கும் இருப்பில் இல்லை என்று சொல்ல மாட்டார். அதிலும் பேரம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது. "முன்னால வரல மேடம். பின்பக்கமா வந்துச்சு. கடைக்குப் பின்னால பெரிய பொதுப் பாதை ஒண்ணு இருந்துது. ராஜபாட்டை."

"எவ்வளவு அகலம்?"

"இருபது அடி," என்றார் ஆவுடையப்பன். பழக்கம்.

"பொதுப் பாதைதானே? தனியார் பட்டா இல்லையே?"

"சேச்சே. ராஜா காலத்துப் பொதுப் பாதை மேடம். எவன் பட்டா போட?"

"அது இப்ப எங்க இருக்கு?"

அப்போதுதான் ஆவுடையப்பனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தது. மாரிசெல்வம் வானத்தைப் பார்த்தார். தேவசுந்தரம் பேரன் மரத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய வாயாடியான ஜுலைகா பீவிகூட முந்தானையைச் சரி செய்துகொண்டு பேசாமல் நின்றார். தெருவின் ஒரே சட்டம் அன்று அட்சரம் பிசகாமல் காப்பாற்றப்பட்டது. அடுத்தவர் வியாபாரத்துக்குள் ஒருவரும் வாய் வைக்கவில்லை. ஆவுடையப்பன் நன்றியோடு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

செண்பகவல்லி சங்க உறுப்பினர் கிடையாது.

"எங்க அடுப்பு ஷெட்டுக்குள்ள இருக்கும்மா," என்றாள் கல்லாவிலிருந்து எழுந்து. "இப்படி வாங்க, காட்டுதேன்."

"ஏட்டி!" என்றார் ஆவுடையப்பன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த முனையிலேருந்து இந்த முனை வரைக்கும் கெடக்கும்மா. நாலையும் ஒரே எடத்துல கட்டிரலாம். யார் வாசலும் போகாது. தண்ணிக் குழாயும் பக்கத்துலயே இருக்கு." சொல்லிவிட்டு, கடை ஃப்ரிட்ஜில் விற்பனைக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துத் திருகி, எல்லோர் முன்னாலும் பாதி வரை குடித்தாள். ஆவுடையப்பன் அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. முழுக்கப் புரிய விடக்கூடாது என்று தோன்றியது.

பெனிட்டா ஷெட்டுக்குள் போனார். பின்னாலேயே அளவு நாடாவோடு நகராட்சி ஆள் ஒருவர் போனார்.

"இருபது அடின்னு சொன்னீங்க அண்ணாச்சி. அப்ப இந்த ஷெட்டு, அதுக்கு அந்தப் பக்கம் உங்க குடோன்ல பாதி, எல்லாம் சேந்து வரும் போலிருக்கே?"

குடோன் ஆவுடையப்பனின் சொந்த இடம். ஒவ்வொரு செங்கலும் பட்டாவில் இருக்கிறது. முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் சொன்ன விலையை எதிராளிதான் குறைத்திருக்கிறார். இன்று முதல் தடவையாக, எதிரே யாரும் குறைத்துக் கேட்காமலேயே, தன் வாயாலேயே குறைக்க வேண்டி வந்தது.

"பன்னெண்டு மேடம்," என்றார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு அங்குலம் கெடையாது."

"அப்ப யானை?"

"சின்ன யானை மேடம்."

ஷெட் ஒரு வாரத்தில் இறங்கியது. பெனிட்டா யாரையும் திட்டவுமில்லை, அபராதம் போடவுமில்லை. நீங்களே முன்வந்து பொதுப் பாதையைக் காட்டிக் கொடுத்தீர்கள் என்று ஆவுடையப்பனுக்குச் சால்வை போர்த்தினார். தெரு கைதட்டியது. தெருவில் போட்ட நாலு கோடுகளும் அழிந்துவிட்ட சந்தோஷத்தில் மாரிசெல்வம் விசிலே அடித்தார்.

"கேட்டது கெடச்சிட்டுல்லா அண்ணாச்சி?" என்றார் ஜுலைகா பீவி. "வாசல் தப்பிச்சுட்டு."

ஆமாம், கேட்டது கிடைத்துவிட்டது. அதனால் புலம்பவும் வழியில்லை.

ஆடித்தபசுக்கு முன்னாலேயே கழிப்பறைகள் திறக்கப்பட்டன. பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்குக் கம்மி. சந்தில் விளக்கு, தண்ணீர், எல்லாம் இருந்தது. வளையல் கடையில் இப்போது பேரம் நடுவில் அறுவதில்லை. அவசரம் என்று ஒருத்தி எழுந்தால், "எதுத்தாப்புல அல்வாக் கடைக்குப் பின்னாலதான் இருக்கு, போயிட்டு வா மக்கா, விலை இங்கனயே நிக்கும்," என்கிறார் ஜுலைகா பீவி. செண்பகவல்லி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு வைத்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை நிரப்புகிறாள். அவளுக்குத் தாகம் வந்துவிட்டது. கூடவே பேச்சும் வந்துவிட்டது என்பது ஆவுடையப்பனின் தனிப்பட்ட கஷ்டம்.

ஆனால் அடுப்பு? ஷெட் போன பிறகு அதைக் குடோனுக்குள் ஒடுக்கிப் போட்டிருந்தார்கள். புகை நேராகக் கடைக்குள் வந்தது. அல்வா தின்ன வந்தவர்கள் கண்ணீரோடு தின்றார்கள். பார்க்கிறவர்களுக்கு யாரோ செத்த வீட்டுப் பந்தி போல இருந்தது. இப்படியே போனால் வாசல் இருந்தும் கடை இருக்காது. ஒரே வழிதான் இருந்தது. அடுப்பை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். காப்பாற்றிய அதே வாசலில், நகராட்சி இடத்தில், வாடகைக்கு ஒரு பந்தல் போட்டு அல்வா கிண்டினால் புகையும் வெளியே போகும், நெய் மணத்துக்குத் தெருவே திரும்பும்.

ஆவுடையப்பன் ஆணையர் முன்னால் போய் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில் அல்ல, நன்றாகச் சாய்ந்து. இந்த அம்மாவிடம் நுனியில் உட்காருவதால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பேரம் பேசாமல், மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்தும் இருந்தார்.

"மேடம், வாசல்ல எனக்கு ஒரு அஞ்சடி எடம் வாடகைக்கு வேணும். அடுப்பு வைக்க. அஞ்சே அடி. கூட்டிச் சொல்லல."

"முடியாது," என்றார் பெனிட்டா.

ஆவுடையப்பனுக்கு ஒரு கணம் காது அடைத்த மாதிரி இருந்தது. "என்ன மேடம்?"

"முடியாது அண்ணாச்சி. யானை தண்ணி குடிச்ச இடமாச்சே. நகராட்சி புத்தகத்துலயே போடுறதா இருக்கோம். தொட்டியைச் சுத்திக் கம்பி வேலி போட எஸ்டிமேட் கூட வந்துட்டு. அங்க போய் அடுப்பு வைக்கலாமா?"

சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையில் வளையல்கள் புதுசாக இருந்தன, நிறைய இருந்தன. ஜுலைகா பீவி கடைச் சரக்கு. போன வாரம் அந்த அம்மா வந்து ரெண்டு தடவை கடையை விட்டு இறங்கிப் போனாள் என்று ஜுலைகா பீவி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவர் நம்பியிருக்கவில்லை.

அவர் மெல்ல முன்னால் நகர்ந்து, நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மேடம், அது வந்து... யோசிச்சுப் பாத்தா, அந்த யானை கொஞ்சம் தள்ளி நின்னுகூட தண்ணி குடிச்சிருக்கலாம்."

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு பத்தடி."

பெனிட்டா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "ரெண்டு," என்றார்.

ஆவுடையப்பன் விருட்டென்று எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வாசலை நோக்கி நடந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்றாவது எட்டை வேண்டுமென்றே மெதுவாக வைத்தார்.

"அண்ணாச்சி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "உக்காருங்க. டீ சொல்லுதேன்."